எட்டவும் கிட்டவும் நடுவிலும்

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவருக்கு வாசற்படி மறுபடியும் மிதந்தது.

"சனியன்" என்று முனகிக்கொண்டே திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

புதுக் கண்ணாடி வந்து ஒரு வாரம்தான். அதற்குள் மாடிப்படியில் இரண்டு முறை தடுமாறிவிட்டார். ஓரக்கண்ணால் பார்த்தால் கதவு நிலைகூட வளைந்து தெரிந்தது. எட்ட இருப்பது, கிட்ட இருப்பது, நடுவில் இருப்பது எல்லாம் ஒரே கண்ணாடியில் தெரியுமாம். அவருக்கென்னவோ மூன்றும் கூடிக்கொண்டு தன்னைக் கேலி செய்வதாகத்தான் பட்டது.

பழைய கண்ணாடி எவ்வளவோ தேவலை. குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே தெரு, கீழே செய்தித்தாள். ஒரே ஒரு குறை, மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் மனைவியின் முகம் மட்டும் இரண்டிலும் சிக்காது.

அந்த ஒரு முகத்துக்காகத்தான் இதை வாங்கினார். இந்த ஒரு வாரத்தில் அதுவும் பிடிபட்ட பாடில்லை.

ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். இன்றுதான் கடைசி நாள். அதற்காகத்தான் கிளம்பியிருந்தார்.

மாற்றிவிட்டால் வீடு இப்படியே கிடக்கும். இரண்டு வருடமாக "சாப்பிடுங்க", "மாத்திரை" என்பதற்கு மேல் இங்கே பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. பேச்சு தானாகவே வற்றிவிட்டது.

கண்ணாடியை மாட்டிவிட்டபோது கடைக்காரப் பெண் முகத்துக்கு நேரே சொன்னது நினைவுக்கு வந்தது. "கண்ணை உருட்டிப் பாக்காதீங்க சார். எதைப் பாக்கணுமோ அதுக்கு நேரா மூக்கையே திருப்புங்க."

எதிரே மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

மூக்கைத் திருப்பினார். மோவாயைக் கொஞ்சம் தூக்கினார். அதிகமாகிவிட்டது. ஒரு நூல் இறக்கினார்.

சட்டென்று முகம் நின்றது.

கண்ணோரச் சுருக்கம், மூக்கருகே மச்சம், அசைகிற உதடு, எல்லாமே பளிச்சென்று தெரிந்தன.

முகத்தில் கடுப்பைக் கொஞ்சமும் காட்டாமல், அவரைப் பார்த்தபடியே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முடி கொட்டிருச்சு, பல்லு கொட்டிருச்சு. இந்த மனுஷனுக்குப் பிடிவாதம் மட்டும் கொட்ட மாட்டேங்குது."

"பல்லு ஒண்ணுதான் கொட்டிச்சு" என்றார் அவர்.

பட்டாணி மேசையெல்லாம் உருண்டது. வாயைப் பொத்தப் போன அவள் கை பாதியிலேயே நின்றது. அவர் எதிரில் வாயைப் பொத்தக்கூடாது என்பது இந்த வீட்டுப் பழக்கம்.

தகடு வெட்டும் பட்டறையின் இரைச்சல் அவருடைய இரண்டு காதுகளையும் வாங்கிக்கொண்ட காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. அன்று முதல் அவள் உதட்டைப் பார்த்துத்தான் அவர் கேட்டு வந்தார். வயதாகிக் கண் மங்கியபோது இரண்டாம் முறையாகக் காது போயிற்று.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். அந்தக் கடைக்காரப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்தார். படி மிதந்தால் மிதந்துவிட்டுப் போகட்டும்.

செருப்பைக் காலாலேயே கழற்றி ஓரமாகத் தள்ளினார். மூக்கை அவளுக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை திட்டு."