வாசு வரும் சத்தம்

“காடி இப்ப ரொம்ப நல்லா ஓடுதுண்ணே. அதைப் பழையபடி ஆக்கிக் குடுத்துடுங்க,” என்றாள் தவமணி.

மெக்கானிக் ஜெயராஜ் கை துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். டத்தோ கிராமாட் வட்டாரத்தில் அவர் பட்டறைக்கு வந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை.

நேற்றுக் காலை பாலத்தில் நின்றுபோன பழைய கார் அது. நாலு இன்ஜெக்டரில் இரண்டு அடைத்துக்கொண்டு, பெட்ரோலைப் புகைபோலத் தூவாமல் சொட்டவிட்டுக்கொண்டிருந்தன. அவர் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பர் வளையங்களை மாற்றி, நாலும் ஒரே சீராகப் பீய்ச்சுவதைப் பார்த்த பிறகுதான் மாட்டினார். குலுக்கமும் போனது, சத்தமும் போனது.

அந்தச் சத்தம்தான் தவமணிக்கு வேண்டியிருந்தது. அவள் கணவன் வாசு பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சுவலி வந்து இறந்துபோனான். அந்தச் சமயம் மாமியார் நல்லம்மாள் பக்கவாதத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சொன்னால் தாங்கமாட்டார் என்றார் டாக்டர். சொந்தக்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் நல்லம்மாள் எழுந்து நடக்கவில்லை, பார்வையும் மங்கிவிட்டது. வேலை முடிந்து தவமணிதான் வாசுவின் காரை ஓட்டி வருவாள். அது வாசலில் உதறி நின்றதும், “வந்துட்டானா?” என்பார் அத்தை. வந்துவிட்டார், அசதியில் படுத்துவிட்டார் என்று தவமணி சொன்னால் கஞ்சியை வாங்கிக் குடிப்பார். ஒரு நாளும் அவனை இங்கே வரச் சொல் என்று கேட்டதில்லை. அந்தமட்டும் தப்பித்தோம் என்று தவமணி நினைத்துக்கொள்வாள்.

நேற்றுச் சாயங்காலம் கார் ஓசையில்லாமல் வந்து நின்றது. அத்தை ஒன்றும் கேட்கவில்லை. தானாகப் போய் அந்தப் பொய்யைச் சொல்லத் தவமணிக்கு நா எழவில்லை. கஞ்சி அப்படியே ஆறிப்போனது.

இதைக் கேட்டு முடித்த ஜெயராஜ் பானட்டைத் திறந்து, ஒரு இன்ஜெக்டரின் ஒயரைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டிக் காட்டினார். மூன்று சிலிண்டரில் கார் உதறத் தொடங்கியது.

“வீட்டுக்கிட்ட வந்ததும் இதைக் கழட்டிடு தங்கச்சி. காலையில மறக்காம மாட்டிக்கலாம்.”

அன்று சாயங்காலம் தெருமுனையில் காரை நிறுத்தி அப்படியே செய்தாள். கார் குலுங்கிக்கொண்டே வாசலுக்கு வந்து நின்றது. உள்ளேயிருந்து அதே கேள்வி வந்தது.

“வந்துட்டாரு அத்தை,” என்றாள்.

நல்லம்மாள் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு மருமகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“நான் கேக்காட்டி நீ ஒடஞ்சி போயிடுவியேன்னுதான் தினமும் கேட்டுக்கிட்டிருந்தேன்மா. நேத்து அந்தச் சத்தம் இல்லாம எனக்கே கஞ்சி எறங்கல. அவன் போனது எனக்கு ஆஸ்பத்திரியிலயே தெரியும்.”