சிறுத்தை விற்ற கார்

சிறுத்தை ஓட்டிச் சலித்த நாலு கதவுக் காரை ஆமை சிங்காரம் வாங்கி வந்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போதே மனைவி கோமதி பிடித்துக்கொண்டாள்.

“நமக்கு எதுக்குங்க இத்தனை வேகம்?”

“வேகத்துக்கா வாங்கினேன்? டிக்கியைப் பாரு, ரெண்டு அரிசி மூட்டை தாராளமா வைக்கலாம்.”

“கடைக்கு ஒரு நடை ஓட்டிப் பார்க்கிறேன். சரிப்படலைன்னா நாளைக்கே திருப்பிக் கொடுத்துடணும்.”

கோமதி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினாள். ஐந்தே நிமிடத்தில் புழுதி பறக்கத் திரும்பி வந்து, பருப்பையும் எண்ணெயையும் அவர் கையில் திணித்தாள்.

“அடடா, உப்பை மறந்துட்டேன்!” என்று மறுபடியும் பறந்தாள்.

சிங்காரம் சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தார். விளிம்புவரை உப்பு இருந்தது. சத்தமில்லாமல் மூடி வைத்தார்.