கற்றாழைச் சோறு

"ஏ புள்ள, ஆடாம உக்காரு," என்றான் முத்திருளன், அவள் முதுகுக்குப் பின்னால் ஓரமாகக் குந்தியபடி.

பாண்டியம்மாள் ரவிக்கையை ஒரு தோளிலிருந்து இறக்கிவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. வாசல் வழியாக வந்த மார்கழிக் காலை வெயில் புருஷனையும் பெண்டாட்டியையும் எதிர்ச் சுவரில் நிழலாகப் போட்டிருந்தது.

வலது தோள்பட்டைக்குக் கீழே அவளுக்கு ஒரு தேமல். உள்ளங்கை அகலம். வறண்டு, வெளிறி, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. உடம்பெல்லாம் வேர்த்தாலும் அந்த இடம் மட்டும் வேர்க்காது.

காளவாசல் கடையில் வாங்கிய களிம்பு ஒன்றும் எடுபடவில்லை. வெறும் வறட்சிதான், சோற்றுக்கற்றாழை தடவினால் பட்டு மாதிரி ஆகிவிடும் என்று மில்லில் கூட வேலை பார்க்கும் சோணை சொன்னான். அன்றிலிருந்து முத்திருளன் வைத்தியனாகிவிட்டான்.

விடிந்தும் விடியாமல் ஆனையூர்க் கண்மாய்க் கரைக்குப் போய் மடல் அறுத்து வருவான். அரிக்கும் மஞ்சள் பால் வடியும்வரை அதைச் சுவரோரம் சாய்த்து வைப்பான். தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவான். இத்தனைக்கும் சொந்த வேட்டியை அலசத் தெரியாத மனுஷன். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

தடவியதும் தினமும் ஒரே கேள்விதான் கேட்பான். ஜில்லென்று இருக்கிறதா?

அவள் தோளைக் குலுக்கிச் சிலிர்ப்பாள். அவனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. தொழுநோய் யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்க, கவர்மெண்ட் நர்சம்மா தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தாள். கண்ணை மூடச் சொல்லி, தேமலைக் கோழி இறகால் தொடுவாளாம். தொட்டது தெரியவில்லை என்றால் அதுதானாம். மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் என்று நர்சம்மா சொல்லத்தான் செய்தாள். ஊர் காதில் பெருவியாதி என்ற பேர் மட்டும்தான் விழுந்தது. மேலத்தெரு சுந்தரம்மாளை மறுநாளே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பால்குடி மாறாத பிள்ளையை இங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

"கத்தாழைக்கே இம்புட்டுத் துள்ளுறவளுக்கு எறகு எதுக்கும்மான்னு கேட்டுப்புடுறேன், பாரு," என்று நேற்றுக்கூடச் சொல்லிச் சிரித்தான் முத்திருளன்.

நாளைக்கு இந்தத் தெரு. பாண்டியம்மாள் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

பின்னால் கிண்ணம் நகரும் சத்தம் கேட்டது. சுவரில் அவன் நிழல் குனிந்தது. கை நீண்டு அவள் முதுகைத் தொட்டது.

"ஸ்ஸ்... யாத்தே, என்னா ஜில்லு!" என்று உடம்பைக் குலுக்கினாள்.

சிரிப்புச் சத்தம் வரவில்லை.

தெருமுனை டீக்கடை ரேடியோவில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது முடிந்து பாட்டு வந்தது.

"இன்னைக்கு வெந்நீர்லதான போட்டு எடுத்தேன்," என்றான் கடைசியில். "குளுருல நீ நடுங்குறியேன்னு."

ஓரக்கண்ணால் பார்த்தாள். கிண்ணத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

கையை எடுத்திருப்பான். இந்நேரம் எடுத்து வேட்டியில் துடைத்திருப்பான். எடுத்துவிட்டானா, இல்லையா? அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

தினமும் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்தாள்.

நிழலில், அவன் கை இன்னும் அவள் முதுகில்தான் இருந்தது.