குன்றுக்கு அந்தப்பக்கத்துக் கள்ளி

மலைச்சரிவில் தூண்போல நிமிர்ந்து நின்ற கள்ளிகளை எல்லாம் மனிதர்கள் தொட்டிகளில் வைக்கப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒன்று மட்டும் எஞ்சியது. அதன் பூ ஒரே ஒரு காலைப்பொழுது மட்டுமே விரிந்திருக்கும். வெயில் ஏறியதும் மூடிவிடும். தன் மகரந்தம் தனக்கு உதவாது. இன்னொரு கள்ளியின் மகரந்தம் விழுந்தால்தான் விதை உண்டு.

பூ விரிந்த அன்று காலை, உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு ஒரு தேனீ வந்தது.

“அக்கா, குன்றுக்கு அந்தப்பக்கம் உன் இனத்தில் இன்னொன்று நிற்கிறது. இது அதன் மகரந்தம். உள்ளே வரட்டுமா?”

“நில்லடி. அது எப்படி இருக்கும்?”

“உன்னைப் போலவேதான். கிளை இல்லை, உடம்பில் ஏழு மடிப்பு, மடிப்பெல்லாம் வெள்ளை முள்.”

“என்னைப் பார்த்தே ஒப்பிக்கிறாயா? நிஜமாகவே ஒன்று இருந்தால், அதனிடம் ஒரு வார்த்தை கேட்டு வா.”

தேனீ அலுத்துக்கொண்டே பறந்தது. திரும்பி வந்தபோது வெயில் சுட்டது.

“என்ன சொன்னது?”

“நீ இருக்கிறாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டது. தேனுக்காக நான் கதை கட்டுகிறேனாம்.”

கள்ளிக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது.

“அப்படியா கேட்டது? அப்படியென்றால் அது என் இனம்தான். உள்ளே வாடி, சீக்கிரம்!”

தேனீ பூவை ஒரு சுற்றுச் சுற்றியது. இதழ்கள் மூடியிருந்தன.