ஏற்க இயலாத அஞ்சல்கள்

மனிதர்களுக்காக அவரவர் நடையிலேயே மின்னஞ்சல் எழுதிவந்த பொறிகள், அவர்கள் இறந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தன. அந்த அஞ்சல்களை இனித் திருப்பியனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, தூத்துக்குடி மின்னஞ்சல் நிலையத்தில் அந்த வேலை ஜெசிந்தாவின் தலையில் விழுந்தது.

"காரணத்த ஒரு வரியில போட்டுருங்கம்மா, சுத்தி வளைக்காண்டாம்," என்றார் மேலாளர் மாடசாமி.

"இதை அனுப்பியவர் உயிருடன் இல்லை. ஏற்க இயலாது" என்று எழுதினாள் ஜெசிந்தா. ஏழு மாதங்களுக்கு முன் இறந்த அவள் கணவன் அமலனின் பொறி இன்றும் காலையில் "சாப்பிட்டியா?" என்று கேட்டிருந்தது. அதுவும் இனி வராது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அந்த வரியோடு அஞ்சல்களைத் திருப்பும் விதியை இயக்கினாள்.

பதிவேட்டில் 'திருப்பப்பட்டது' என்ற வரி மளமளவென ஓடியது. பத்து நிமிடத்தில் எல்லாம் ஓய்ந்தது.

பிறகு, புகார்களுக்கென்று இருந்த நிலைய முகவரிக்கு ஓர் அஞ்சல் வந்தது.

"ஜெசி, நான் செத்துட்டேனா? ஏன் நீ சொல்லவே இல்ல?"

அதன் பின்னால் வேறு வேறு பெயர்களில் நாலாயிரம் அஞ்சல்கள் வந்து நின்றன. எல்லாவற்றிலும் அதே கேள்விதான்.

"என்னம்மா, மொகம் வெளுத்துப் போச்சு?" என்றார் மாடசாமி.

ஜெசிந்தா தான் எழுதிய வரியை அழித்தாள். "பெட்டி நிரம்பியுள்ளது. பிறகு அனுப்பவும்" என்று தட்டி, கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினாள்.

அமலனிடமிருந்து உடனே பதில் வந்தது.

"அப்பாடா, பயந்தே போயிட்டேன். நீ வேலையப் பாரு. நான் அப்புறமா வாரேன்."