குழாயை எடுத்த பிறகு

குழாயை எடுத்து முடித்ததும் டாக்டர் ஹைமவதி அறையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

அவரைக் கண்டால் குழந்தைகள் பயப்படும். பயந்தால் மூச்சு வாங்கும். முப்பது வருடமாகப் பிள்ளைகளின் தொண்டையிலும் காதிலும் கை வைத்தவருக்கு இதில் வருத்தப்பட ஒன்றும் மிச்சமில்லை. அரைத் தூக்கத்தில் கிடந்த பிளெஸ்ஸியின் அருகில் மயக்க மருந்து டாக்டரையும் சிஸ்டர் கோடேஸ்வரியையும் நிறுத்திவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்து, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மறுமுனையில் மார்த்தம்மா இருந்தாள். பெற்றவளைப் பார்த்தால் பிள்ளை தூக்கச் சொல்லித் துள்ளும் என்று அவளையும் வெளியே வைத்திருந்தார்கள்.

பிளெஸ்ஸிக்கு மூன்று வயதாகப் போகிறது. பிறந்த அன்றே கழுத்தில் துளையிட்டு வைத்த குழாய் வழியாகத்தான் மூச்சு. காற்று குரல்வளையைத் தொடாமல் கீழேயே வெளியேறிவிடும். அழுதால் வாய் கோணும், கண்ணீர் கொட்டும், சத்தம் வராது.

அதனால் மார்த்தம்மா அவள் காலில் சலங்கை கட்டியிருந்தாள். அந்த வார்டில் குழாய் வைத்த பிள்ளைகளின் தாய்மார் எல்லோரும் அப்படித்தான். பிள்ளை காலை உதைத்தால் எழுந்துகொள்வார்கள்.

இன்று காலை சலங்கையை அவிழ்க்கச் சொன்னபோது மார்த்தம்மா முறைத்தாள். “இத அவுத்துட்டா அவ அழுவுறது எனக்கு எப்படிம்மா தெரியும்?”

போன வருடமும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே உதடு நீலமாகி, குழாயைத் திரும்பச் செருக வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஹைமவதி, விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைத்து மூச்சுக்குழாயை அகலப்படுத்தினார். இதுவும் தாங்காவிட்டால் தன்னிடம் வேறு வழியில்லை என்று மார்த்தம்மாவிடம் சொல்லியும் இருந்தார்.



வராந்தா முழுக்க மருந்து நெடி. யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

கட்டையான, கரகரத்த அழுகை. நின்று, யோசித்து, மறுபடி பெரிதாகக் கிளம்பியது.

ஹைமவதி கண்ணை மூடிக்கொண்டார். ஓர் அழுகைக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு உள்ளே போகும் விதத்தைத்தான் அவருடைய காது எப்போதும் தேடும்.

மார்த்தம்மா நெளிந்தாள். முந்தானையை முறுக்கினாள். கடைசியில் பொறுக்க முடியாமல் வெடித்தாள்.

“நானே இங்க உசிரக் கையில புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். யாரு பெத்ததோ, இந்தக் கத்து கத்துது! இதோட அம்மாக்காரி எங்கம்மா போய்த் தொலைஞ்சா?”

ஹைமவதி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு உள்ளே போனது. இழுப்பு இல்லை. அடுத்ததிலும் இல்லை.

கதவிடுக்கில் கோடேஸ்வரியின் முகம் தெரிந்தது. தன் உதட்டை விரலால் தொட்டுக் காட்டி, நல்ல சிவப்பு என்று தலையாட்டினாள்.

“இங்கதான் உக்காந்திருக்கா,” என்றார் ஹைமவதி. “போய்த் தூக்கு.”