தங்கமான வண்டி

"தங்கமான வண்டிக்கா. ஒரு டாக்டர் வெச்சிருந்தது. கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றான் பழைய கார் புரோக்கர்.

"ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன் தம்பி" என்று கார் வாங்க வந்திருந்த அம்மாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். புரோக்கர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மேம்பால இறக்கத்தில் கார் வேகமெடுத்தது. கீழே சிக்னலில் ஒரு சிமென்ட் லாரி நின்றிருந்தது.

"தம்பி, பிரேக் பிடிக்கலையே!"

"என்னக்கா சொல்றீங்க? நல்லா மிதிங்க!"

"மிதிச்சுக்கிட்டுதானே இருக்கேன்! இந்த வண்டிக்கு இதுக்கு முன்னாடி என்ன ஆச்சு? மறைக்காம சொன்னாத்தானே ஏதாவது செய்ய முடியும்!"

லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. புரோக்கர் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வெள்ளத்துல மூழ்கின வண்டிக்கா! முன்பக்கம் நொறுங்கி ஒட்டவெச்சது! கிலோமீட்டர் மீட்டரையும் பின்னாடி திருப்பிட்டேன்! ஐயோ, கியரைக் குறைங்கக்கா, எனக்குச் சின்னப் பசங்க இருக்கு!"

கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

சத்தமே இல்லை. மெதுவாகத் திறந்து பார்த்தான். லாரிக்கு ஒரு முழம் பின்னால் கார் பூப்போல நின்றிருந்தது.

அந்த அம்மாள் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"பயப்படாதீங்க தம்பி. இந்த வண்டியில பிரேக் ஒண்ணுதான் நல்லா இருக்கு."